முதலில் பேசவேண்டியவர் ஆசிரியரே

இணையவழிக் கல்வி என்னும் பெயரில் நம் பிள்ளைகளுக்கு இன்று வழங்கப்படுவது கல்விதானா, அன்றிப் பழைய தபால்வழிப் பாடந்தான் புத்தாடை புனைந்து வந்துள்ளதா? இவ்வினாவைக் கேட்பதற்கு ஒருவர் பெரும் கல்விமானாக இருத்தல் வேண்டியதில்லை. பரந்தனில் நெல் விதைத்து, அவ்விளைச்சலில் ஒரு பகுதியை விற்று மகளின் கற்கைநெறிக் கட்டணத்தைச் செலுத்தும் கமக்காரருக்கு இதனைக் கேட்கும் உரிமை எவருக்கும் குறையாது உண்டு. செலுத்திய பணத்துக்குப் பொருள் வந்து சேர்ந்ததா என்று சந்தையிற் கேட்கின்றோம். கல்லூரியில் மட்டும் ஏன் கேளாதிருத்தல் வேண்டும்?

அமெரிக்க நாட்டுச் சட்டம் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டுள்ளது. அந்நாட்டின் எல்லாச் செயல்களையும் நாம் மெச்சுவோர் அல்லோம். ஆயினும் பிறர் பட்டுத் தெளிந்ததைக் கேட்டறிவதில் இழிவொன்றுமில்லை. அவ்விடையை ஈண்டு ஆராய்ந்து, பின்னர் நமது அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரையோடு அதனை வைத்துப் பார்ப்போம். அவ்வுறுப்புரையில் ஒளிந்துள்ள ஆபத்தொன்றைத் தமிழ் மக்கள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவிற் சமுதாயக் கல்லூரி என ஒன்று உண்டு. 1901 ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் முதலாவது கல்லூரி தோன்றியது. 1947 இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பரவ வேண்டுமென விதந்துரைத்தது. ஈராண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், பெரும்பாலும் எவருக்கும் மூடப்படாத கதவு; இவையே அவற்றின் இலக்கணம். கலிபோர்ணியா மாநிலத்தில் மட்டும் இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் உள. வாதுமையும் திராட்சையும் தக்காளியும் விளையும் சான் யோக்கின் பள்ளத்தாக்கில் மெர்செட், ரீட்லி முதலிய இடங்களிலுள்ள கல்லூரிகளில், பண்ணைக் கூலியாளரின் பிள்ளைகளும், பகலில் வேலை பார்த்து இரவிற் படிக்கும் தாய்மாரும் கற்கின்றனர். நம் நாட்டில் இதற்கு ஓரளவு ஒப்பானவை, 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த உயர் தொழினுட்ப நிறுவகங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் நம் பிள்ளைகள் அவற்றிற் கற்கின்றனர். தொலைவிலிருந்து கற்போருக்கு 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் உண்டு.

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தோன்றுமுன்னரும் பின்னரும், லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்காக மண்ணெண்ணெய் விளக்கின் முன்னிருந்து படித்த எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் நம் முன்னோரே. கடல் கடந்து தபாலிற் பாடம் வரும். விடை எழுதி அனுப்பினால் திருத்தம் வரும். எழுதாவிட்டால் ஒன்றும் வராது. மாணவன் மௌனமானால் நிலையமும் மௌனமாயிருக்கும். அம்முறையில் வென்றோரின் பெயர்களை இன்றும் பெருமையுடன் சொல்கின்றோம். இடைவழியில் விட்டவர்களை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களே பெருந்தொகையினர் என்பதை ஒவ்வொரு கிராமத்து முதியவரும் அறிவர்.

அமெரிக்காவிலோ இம்முறை மோசடிக்கும் இடமாயிற்று. அரசாங்கம் மாணவர்க்கு வழங்கும் உதவிப்பணத்தை நாடித் தபால்வழிப் பாடசாலைகள் பல கிளம்பின. பணம் வந்தது, கல்வி வரவில்லை. எனவே 1992 இல் அந்நாட்டுக் காங்கிரஸ், பாதிக்கு மேற்பட்ட பாடங்களைத் தபால்வழியில் நடத்தும் நிறுவனத்துக்கும், பாதிக்கு மேற்பட்ட மாணவரை அவ்வழியிற் சேர்க்கும் நிறுவனத்துக்கும் அவ்வுதவி கிடையாதெனச் சட்டமியற்றியது. இணையம் பரவியபின், 2006 இல், இணையவழிப் பாடங்களுக்கு அத்தடை நீக்கப்பட்டது. நீக்கும்போதே சட்டம் ஒரு கோடு கிழித்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒழுங்கானதும் உட்பொருளுடையதுமான ஊடாட்டம் இருந்தால் அது தொலைக்கல்வி. இன்றேல் அது தபால்வழிப் பாடம். எத்துணை விலையுயர்ந்த இயந்திரத்தால் அனுப்பப்பட்டாலும் அது தபால்வழிப் பாடமே.

சட்டம் பயின்றோர் இக்கோட்டை நுணுகி நோக்குதல் வேண்டும். 2021 யூலை 1 ஆம் தேதி முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதி இவ்விரு அடைமொழிகளுக்கும் வரைவிலக்கணம் தருகின்றது. உட்பொருள் என்பது யாது? நேரடியாகப் போதித்தல், மாணவரின் வேலையை மதிப்பிட்டுக் கருத்துரைத்தல், பாடம்பற்றிய விளக்கம் தருதல் அல்லது ஐயத்துக்கு விடையளித்தல், பாடத்தின்மீது குழுக் கலந்துரையாடலை நடத்துதல், தராதரச் சபை ஏற்கும் வேறு போதனைச் செயல் ஆகிய ஐந்தனுள் குறைந்தது இரண்டேனும் நிகழவேண்டும். ஒழுங்கு என்பது யாது? முன்கூட்டி அறியத்தக்க கால அட்டவணைப்படி அவ்வூடாட்டத்துக்கு வாய்ப்பிருத்தல். இவ்வளவோடு விதி நிற்கவில்லை. மாணவர் ஈடுபடுகின்றனரா, தேறுகின்றனரா என்பதை ஆசிரியர் கண்காணித்து, தேவையெனக் கண்டவிடத்துத் தாமே முந்திச் சென்று தொடர்புகொள்ள வேண்டும் என்றும் விதிக்கின்றது. தபால்வழிப் பாடத்துக்கு அதே விதி தரும் இலக்கணம் என்ன? அங்கு ஊடாட்டம் சொற்பம். அதுவும் பெரும்பாலும் மாணவனே தொடக்கி வைப்பது.

வேற்றுமை முழுவதும் இதிலேயே அடங்கிக் கிடக்கின்றது. மௌனம் நிலவும்போது முதலிற் பேசவேண்டிய கடமை எவருடையது? தபால்வழியில் அது மாணவன் தலைமீது விழுகின்றது. தொலைக்கல்வியில் அது ஆசிரியர்மீதும், அவர் மூலமாகக் கல்லூரிமீதும் விழுகின்றது. சாட்சியச் சட்டம் அறிந்தோர் எண்பிக்கும் பொறுப்பு எவர்மீது உள்ளதோ அதுவே வழக்கின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும் என்பதை அறிவர். கல்வியிலும் அவ்வாறே. தபால்வழிப் பாடம் மட்டும் கற்கும் மாணவன் அந்நாட்டில் அரைநேர மாணவனுக்கு மேலாகக் கணிக்கப்படான். அவனுக்குரிய உதவிப்பணமும் அதற்கேற்பவே அமையும். எனவே ஆசிரியர் பேசாதிருந்தால் கல்லூரிக்குப் பண நட்டம் நேரும். ஒழுக்க போதனை செய்யமாட்டாததைப் பணப்பை செய்விக்கும் என்பதை அச்சட்டத்தை வரைந்தோர் அறிந்திருந்தனர் போலும்.

இவ்விதி எப்போதும் கூரியதாகவே இருந்தது என்று கூறமாட்டோம். வெஸ்ரேண் கவர்னேர்ஸ் பல்கலைக்கழகம் என்னும் இணையவழி நிறுவனம் இவ்விலக்கணத்துக்கு அமையவில்லை எனக் கண்ட கல்வித் திணைக்களத்துப் பரிசோதகர் நாயகம், 71 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிப் பெறவேண்டுமென 2017 இல் விதந்துரைத்தார். 2019 சனவரியில் அத்திணைக்களமே அப்பணம் திருப்பப்பட வேண்டியதில்லை என முடிவு செய்தது. விதியின் சொற்கள் தெளிவற்றிருந்தமை அதற்குக் காட்டப்பட்ட நியாயங்களுள் ஒன்று. மேலே யாம் விரித்துரைத்த வரைவிலக்கணம் பிறந்தது அதன் பின்னரே. தெளிவற்ற சொல்லால் யார் நன்மை அடைவர் என்பதை நமது அரசகரும மொழிச் சட்டங்களின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

இனி, இவ்வூடாட்டத்துக்கு ஏன் இத்துணை முக்கியத்துவம் என்று கேட்போர் உளர். ஆராய்ச்சி விடை தருகின்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தார் வாஷிங்டன் மாநிலத்தில் ஏறத்தாழ 40,000 மாணவரின் பெறுபேறுகளை ஆராய்ந்தனர். வகுப்பறையிலும் பார்க்க இணையத்தில் மாணவர் தேர்ச்சி குன்றுவதை அவர்கள் கண்டனர். எல்லோருக்கும் ஒரேயளவிற் குன்றவில்லை. ஆண்கள், இளையோர், கறுப்பின மாணவர், முன்பே குறைந்த புள்ளி பெற்றோர் ஆகியோருக்கே வீழ்ச்சி பெரிது. கலிபோர்ணியாவைப் பற்றி 2014 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும், இணையவழிப் பாடங்களிற் சித்தி வீதம் 11 முதல் 14 வரையான சதவீதப் புள்ளிகள் தாழ்ந்திருப்பதாகக் கணித்தது. இவற்றைக் காட்டி, இணையவழிக் கல்வியே ஆகாது என்று புறந்தள்ளுவோர் அவசரப்படுகின்றனர். அதே கலிபோர்ணிய ஆய்வு பிறிதொன்றும் கண்டது: சில பாடங்களையேனும் இணையத்திற் கற்றோர், வகுப்பறையில் மட்டும் கற்றோரிலும் பார்க்கப் பட்டமோ பல்கலைக்கழக மாற்றமோ பெறும் வாய்ப்பு மிக்கவராயிருந்தனர். வேலையும் குடும்பமும் உடையவனுக்கு அவ்வழி இல்லையேல் வழியே இல்லை. வெங்காயத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்து எட்டு மணிக்கு நூலைத் திறப்பவனுக்குப் பத்து மணிப் பகல் வகுப்பால் என்ன பயன்?

ஆகவே, வேண்டுமா வேண்டாமா என்பது வினாவன்று; எத்தகையது வேண்டும் என்பதே வினா. அதற்கும் அக்கொலம்பிய ஆராய்ச்சியாளரே விடை தேடினர். இரு சமுதாயக் கல்லூரிகளின் 23 இணையவழிப் பாடங்களை எடுத்து, பாட ஒழுங்கமைப்பு, நோக்கங்களின் தெளிவு, தொழினுட்பப் பயன்பாடு, மனிதரிடை ஊடாட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்தனர். மாணவரின் புள்ளிகளோடு தெளிவாகத் தொடர்புற்றிருந்தது இறுதியிற் கூறியது ஒன்றே. அழகான திரையும் ஓடும் படங்களும் அல்ல, தம்மை அறிந்த ஓர் ஆசிரியர் இருக்கின்றார் என்னும் உணர்வே மாணவரைத் தாங்கியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏடு பிடித்த நம் பாட்டன்மாருக்கு இது புதுச்செய்தி ஆகாது.

அரசியல்வாதிகளோ எங்கும் மலிவை நாடுபவர். 2013 சனவரியில் கலிபோர்ணிய ஆளுநரின் ஆசியுடன், சான் ஜோசே அரச பல்கலைக்கழகமும் ஒரு தனியார் கம்பனியும் சேர்ந்து, 150 டொலருக்கு ஒரு பாடம் எனப் பெருமுழக்கத்தோடு தொடங்கின. மாணவருட் பெரும்பகுதியினர் சித்தியடையவில்லை. அவ்வாண்டு யூலையிலேயே திட்டம் இடைநிறுத்தப்பட்டது. ஏழு மாதங்கூட நிலைக்காத புரட்சி அது.

நிலைத்து நின்றது வேறொன்று. அதன்பால் அதிக கவனம் செலுத்துவது தகும். அதே 2013 இல் கலிபோர்ணிய சமுதாயக் கல்லூரிகள் தமக்குட் பொதுவான இணையவழிக் கல்வி முயற்சியொன்றைத் தொடங்கின. கல்லூரிக்கொரு மென்பொருள் என்றிருந்த குழப்பத்தை நீக்கி, கன்வஸ் என்னும் ஒரே கற்பித்தல் தளத்தைப் பொதுவாக்கின. ஆசிரியர்க்கு இணையவழியிற் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவித்தன. எல்லாவற்றிலும் சிறந்தது சகபாடி மீளாய்வு. பயிற்சி பெற்ற சக ஆசிரியர்கள் ஒருவரின் பாடத்தைத் திறந்து பார்த்து, உள்ளடக்கம் எவ்வாறு அமைந்துள்ளது, ஊடாட்டம் உண்டா, மதிப்பீடு பொருத்தமானதா, கண்பார்வையோ செவிப்புலனோ குன்றியோரும் அதனை அணுகலாமா என்று எழுத்தில் உள்ள அளவுகோலின்படி சொல்வர். குறை கண்டால் திருத்துவதற்கு அவர்களே துணை நிற்பர். அக்காலத்து வித்தியாதரிசி வருகின்றார் என்றதும் பள்ளிக்கூடம் நடுங்கியது நம்மவர் பலருக்கு நினைவிருக்கும். இஃது அத்தகைய விசாரணை அன்று. தொழில் தெரிந்தவர், தொழில் தெரிந்தவருக்குக் கைகொடுப்பது.

வகுப்பறையில் நடைபெற்ற பாடத்தை அப்படியே இணையத்துக்கு மாற்றவும் அம்மாநில விதி இடங்கொடாது. இணையவழிப் பாடம் ஒவ்வொன்றும் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவால் வேறாக ஆராய்ந்து அங்கீகரிக்கப்படல் வேண்டும். இவையனைத்துக்கும் நேரமும் பணமும் தேவை. பேசும் ஆசிரியர் வேண்டுமாயின், பேசுவதற்கு அவருக்கு ஓய்வு வேண்டும். முந்நூறு மாணவரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தேடிப்பேசு என்று கட்டளையிடுவது விதியன்று, வேடிக்கை.

ஆசிரியர் மாணவரை அறியாதவிடத்துக் கள்வர் புகுவர் என்பதற்கும் கலிபோர்ணியாவே சாட்சி. கொரோனாப் பெருந்தொற்றின்பின், மாணவர் உதவிப்பணத்தைக் கவரும் நோக்குடன் இல்லாத மாணவர் பெயரில் விண்ணப்பங்கள் குவிந்தன. 2021 இல் வந்தவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஐயத்துக்குரியதென அக்கல்லூரிகளின் தலைமையகமே கூறிற்று. முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரோடும் பேசும் ஆசிரியரிடம் இப்பேய்கள் நிலைப்பது அரிது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 2020 இல் நாடு மூடப்பட்டபோது, இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழக மாணவர் கட்டணமின்றி வகுப்புகளிற் சேர வசதி செய்யப்பட்டது. அது பாராட்டத்தக்க செயலே. கட்டணம் இல்லாவிடினும் சமிக்ஞை வேண்டுமே! 2021 இல் ஊவா மாகாணத்துக் கிராமமொன்றின் பாடசாலைப் பிள்ளைகள், ஆசிரியரோடு காட்டுவழி நடந்து, மலைப்பாறைமீதேறிப் பாடம் பெற்ற காட்சியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அவ்வாண்டு யூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரிப் பாடசாலை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்தோபர் வரை அப்போராட்டம் நீண்டது. சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில் கற்பித்து வந்தவர்கள் அவர்கள். ஆசிரியரைத் தாங்காத இணையவழிக் கல்வி எத்துணை மெலிந்த கயிற்றிற் தொங்குகின்றது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ஆயினும் தமிழ் மக்களாகிய நமக்கு இதிலொரு தனி அக்கறை உண்டு. 1978 அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியை வாசியுங்கள். அரசாங்கப் பணத்தால் நடைபெறும் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு கற்கைநெறிக்கோ துறைக்கோ பீடத்துக்கோ தேசிய மொழிகளுள் ஒன்று போதனாமொழியாக இருக்குமாயின், மற்றத் தேசிய மொழியிற் கற்று வந்த மாணவர்க்கு அம்மொழியும் போதனாமொழியாக்கப்படல் வேண்டும். இங்கு பல்கலைக்கழகம் என்பது எந்த உயர்கல்வி நிறுவனத்தையும் உள்ளடக்கும் என்றும் அவ்வுறுப்புரையே கூறுகின்றது. நல்லது. ஆனால் ஒரு காப்புவாசகம் பின்தொடர்கின்றது. அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு வளாகத்திலோ கிளையிலோ, அன்றி அதுபோன்ற வேறொரு பல்கலைக்கழகத்திலோ, ஒத்த கற்கைநெறி அம்மொழியில் நடைபெறுமாயின் இக்கடமை கட்டாயமாகாது.

இதனை எழுதிய 1978 இல், ஒத்த கற்கைநெறி என்றால் மற்றோர் ஊரில், மற்றோர் கட்டிடத்தில், தமிழில் விரிவுரை ஆற்றும் ஒருவர் இருந்தாக வேண்டும். இன்று? பதிவு செய்த சில விரிவுரைகளையும் மொழிபெயர்த்த சில குறிப்புகளையும் ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, தமிழ் மாணவருக்கு ஒத்த கற்கைநெறி உண்டு, கடமை முடிந்தது என்று ஒரு நிருவாகி சொல்வாராயின், அவரை மறுப்பதற்கு அவ்வாசகத்தில் வெளிப்படையான சொல் எதுவுமில்லை. சிங்கள மாணவனுக்கு மண்டபத்தில் ஆசிரியர்; தமிழ் மாணவனுக்குத் திரையிற் கோப்பு. ஐயம் எழுந்தால் எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால் வரும். இவ்வாறு செய்துள்ளனர் என்று எவர்மீதும் யாம் குற்றஞ்சாட்டவில்லை. செய்யக்கூடும் என்பதே எம் கவலை. செலவைக் குறைக்க விழையும் திறைசேரியும் தமிழ் விரிவுரையாளர் கிடைக்கவில்லை என முறையிடும் நிறுவனமும் கூடுமிடத்து அக்கவலை மிகையானதன்று.

மறுபுறம், இதே கருவி நமக்கு ஒரு வாய்ப்பும் ஆகும். தமிழில் ஒரு பாடத்தைக் கற்பிக்கவல்ல ஒருவர் யாழ்ப்பாணத்தில் மட்டும் இருப்பாராயின், அவர் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் மூதூர்ப் பிள்ளைக்கும் பண்டாரவளைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே மாலையில் ஆசிரியராகலாம். ஆங்கிலத்தில் நடைபெறும் கற்கைநெறிகளுக்கு இவ்வுறுப்புரை கைகொடாது. அவற்றிலும், பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்துத் தடுமாறும் மாணவனுக்கு வாரத்தில் இருமுறை தமிழில் ஐயந்தீர்க்கும் துணையாசிரியர் ஒருவரை இவ்வழியால் அமர்த்தலாம். கற்பிப்பவர் இருந்தால் அது வாய்ப்பு; இல்லையேல் அது காப்புவாசகத்தின் கைக்கருவி.

ஆதலின் யாம் கேட்பது இது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் உயர்கல்வி அமைச்சும், சுற்றுநிருபத்தால் அன்றிச் சட்டவலுவுள்ள ஏற்பாட்டினால், தொலைக்கல்விக்கு வரைவிலக்கணம் தரவேண்டும். ஆசிரியர் முந்திச் சென்று மாணவரோடு தொடர்புகொள்ளும் கடமை அதில் எழுதப்படல் வேண்டும். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்னும் எல்லை வேண்டும். அவருக்குப் பயிற்சியும் கருவியும் தரவுக் கட்டணமும் நிறுவனத்தின் பொறுப்பாதல் வேண்டும். மேலும், 21 ஆம் உறுப்புரையின் பொருட்டு, தமிழிற் பேசும் ஆசிரியரின் ஒழுங்கான ஊடாட்டம் இல்லாத எதுவும் ஒத்த கற்கைநெறி ஆகாதென வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கல்வி அமைச்சின் செலவினத்தை விவாதிக்கும் நாளில் கட்டிடங்களையும் கணினிகளையும் கேட்பதோடு அமையாது, இவ்வொரு வாசகத்தையும் கேட்பார்களாக. கணினி பழுதாகும், எழுதிய வாசகத்தை வைத்து வழக்காடலாம்.

அதுவரை பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிள்ளையை இணையவழிக் கற்கைநெறியிற் சேர்க்குமுன், நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், அவர் எம்மொழியிற் பேசுவார்? வாரத்தில் எந்நாள் எந்நேரம் மாணவரைச் சந்திப்பார்? இரு வாரம் என் பிள்ளை தோன்றாவிடில் அவனைத் தேடுபவர் யார்? இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்திற் பெறுங்கள். அக்கடிதங்களின் பிரதிகளை இப்பத்திரிகை மூலம் எமக்கு அனுப்பி வைத்தால், சட்டத்தரணிகள் சிலர் கூடி அவற்றை ஆராய்ந்து, 21 ஆம் உறுப்புரையின் கீழ் முறையிடத்தக்கவை எவை என்று கட்டணமின்றிச் சொல்ல ஆயத்தமாயிருக்கின்றோம்.